ஏழாம் கன்றின் காய்ச்சல்

மார்ச் 3, திங்கள்

இன்று மூன்று குளியல். கன்றுக் கொட்டகையை விட்டு எத்தனை முறை வெளியே வருகிறேனோ அத்தனை முறை தலைக்குக் குளிக்க வேண்டும், கிருமி வெளியே போகக்கூடாதாம். கன்றுகளுக்குப் போட்ட தடுப்பூசி வேலை செய்கிறதோ இல்லையோ, இந்தப் பரிசோதனை முடிவதற்குள் எனக்கு வழுக்கை விழுவது நிச்சயம்.

நாத்தனார் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வரணுமாம். அவள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு நிற்கிறது. இந்தக் கொட்டகைக்குள் போய் வந்தவர்கள் ஐந்து நாளைக்கு வேறு மாட்டுப் பக்கமே போகக்கூடாது என்று விதி. குரலில் வருத்தத்தை வரவழைத்துச் சொன்னேன். அந்த விதியை எழுதிய புண்ணியவான் நீடூழி வாழட்டும்.

மார்ச் 5, புதன்

கன்றுகள் பன்னிரண்டு. காதில் எண் உண்டு, பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பாசம் வரும், அப்புறம் பார்க்கிற பார்வையே மாறிவிடும் என்று பரிசோதனையை நடத்தும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். சரி என்று தலையாட்டினேன். மூன்றாம் எண் நாள் முழுக்கக் கத்துவதால் வக்கீல். ஏழாம் எண் மூன்று தடவை கெஞ்சினால்தான் தீனியில் வாய் வைக்கும், ஆகவே மாப்பிள்ளை. மனசுக்குள்தானே வைத்திருக்கிறேன், யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 9, ஞாயிறு

பதினாறு வருஷம் கழித்து வீட்டுக்காரருக்குத் திடீரென்று என் வேலையைப் பற்றிச் சந்தேகம். அப்படி என்னதான் செய்கிறீர்கள் அங்கே என்றார். மாட்டுக்கு மூக்கொழுகிக் காய்ச்சல் வருகிறதே, அது ஒரு ஹெர்பிஸ் வைரஸ். டாக்டரம்மா அந்த வைரஸிலிருந்து ஒரு மரபணுவை வெட்டி எடுத்துவிட்டாள். பாம்புக்குப் பல்லைப் பிடுங்கிய மாதிரி. அதைத்தான் தடுப்பூசியாகப் போட்டோம், ஆறு கன்றுக்கு. மீதி ஆறுக்கு வெறும் உப்புத்தண்ணீர். எது எதற்கு என்று எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. பட்டியலை உறையில் போட்டு ஒட்டி இயக்குநர் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் பன்னிரண்டு மூக்கிலும் நிஜ வைரஸை விடுவோம். ஊசி வேலை செய்தால் ஆறு தப்பிக்கும், ஆறுக்குக் காய்ச்சல் வரும்.

"உப்புத்தண்ணி போட்டதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

சாப்பாடு ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றேன்.

மார்ச் 10, திங்கள்

மூக்கில் விட்டாயிற்று. வக்கீல் என் முகத்திலேயே தும்மினான். உடனே ஒரு குளியல்.

மார்ச் 13, வியாழன்

காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் பன்னிரண்டு பின்பக்கங்களில் தெர்மாமீட்டர். பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அனுபவம் கைகொடுக்கிறது, யார் எப்போது உதைப்பார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும்.

ஐந்து கன்றுகளுக்குக் காய்ச்சல். மாப்பிள்ளைக்கு 40.3 செல்சியஸ், 39 சொச்சத்தைத் தாண்டக்கூடாது. மூன்று தடவை கெஞ்சியும் தீனி தொடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் மாப்பிள்ளைக்கு 41.2. எழுதினேன்.

சுவரில் ஒட்டியிருக்கும் விதி: தொடர்ந்து இரண்டு வேளை 41-க்கு மேல் போனால் அந்தக் கன்றை அன்றைக்கே ஊசி போட்டு உயிரை முடித்துவிட வேண்டும். நாள் முழுக்க அந்தத் தாளைப் பார்க்காமல் நடமாடினேன். கண் அங்கேயேதான் போயிற்று.

மாலை ஆறு மணி. 41.3. உதறிவிட்டு மறுபடி வைத்தேன். 41.3. கன்று தலையை என் முழங்கை மேல் வைத்துக்கொண்டது. மூக்கெல்லாம் சளி, ஊதுகிற மூச்சு சுடுகிறது. பேனாவை எடுத்தேன் — 40.6 என்று எழுதிவிட்டேன். என் கையா எழுதிற்று? என் கைதான். வேறு யார் கை?

பதினாறு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை. இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன்: மாலை ஆறு, ஏழாம் எண், 41.3.

மார்ச் 15, சனி

காலை 40.4. நிஜமாகவே 40.4! மூன்று முறை பார்த்தேன். மாப்பிள்ளைக்கே எரிச்சல் வந்து உதைத்தான். உதைக்கத் தெம்பு இருக்கிறது. உதைடா ராசா.

மார்ச் 18, செவ்வாய்

ஒரே ஒரு தடவை கெஞ்சினேன். சாப்பிட்டுவிட்டான்.

மார்ச் 24, திங்கள்

அளவெடுப்பு முடிந்தது. தாள்களை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். ஆறு வருஷ உழைப்பு அவளுக்கு. ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. உங்க கையெழுத்து இருந்தா நான் மறுபடி சரிபார்க்கவே வேண்டாம்."

நேரே குளியலறைக்குப் போனேன். தேவையில்லாத குளியல்தான். அழுதால் தெரியாத இடம் அது ஒன்றுதான்.

மார்ச் 26, புதன்

வெள்ளிக்கிழமை உறையைப் பிரிக்கிறார்கள். எண்ணை மாற்றியதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு எண்தானே, அதுவும் ஒரு வாயில்லா ஜீவனுக்காக, இதைப்போய்ச் சொல்லி யாராவது வேலையை இழப்பார்களா என்றார். நான் கேட்க ஆசைப்பட்டதை அப்படியே சொன்னார். அதனாலேயே அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. தட்டை ணங்கென்று வைத்தேன். பாவம், மனுஷருக்கு என்ன தப்புச் செய்தோம் என்றே தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வாசல்படியில் நின்றே சொன்னேன், உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயம். டாக்டரம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். கத்தியிருந்தால் தேவலை.

"அதைக் காப்பாத்தணும்னு செஞ்சேன்" என்றேன்.

"அந்த விதியை எனக்காக எழுதினேன்னு நினைச்சீங்களா அக்கா? அது துடிக்கக் கூடாதுன்னு எழுதினேன். அன்னைக்கு ராத்திரி அது எவ்வளவு துடிச்சிருக்கும், நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்க."

ஐயோ. அது எனக்குத் தோன்றவே இல்லையே. பிழைத்துவிடவேண்டும், பிழைத்துவிடவேண்டும் என்றுதான் இருந்தேனே தவிர, அந்த ராத்திரி எனக்குத் தோன்றவே இல்லை. நான் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

பிறகு நிஜ எண்ணைக் கேட்டாள். 41.3. என்ன அத்தாட்சி என்றாள். இந்த நோட்டைச் சொன்னேன். நாளைக் காலை கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். அவளைப் பற்றி இதில் என்னென்ன எழுதியிருக்கிறேன் என்று இப்போதுதான் புரட்டிப் பார்க்கிறேன். ஜனவரிப் பக்கங்கள் முழுக்கத் திட்டு. குளியல் தொப்பி போட்டால் அவள் உரித்த வெங்காயம் மாதிரி இருக்கிறாள் என்று இரண்டு இடத்தில்.

மார்ச் 28, வெள்ளி

மார்ச் பதினாலாம் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டாள். அதோடு நிறுத்தினாளா? முன்னும் பின்னும் புரட்டினாள். "வெங்காயமா?" என்றாள். நான் கூரையைப் பார்த்தேன்.

உறை பிரிக்கும் முன்னாலேயே ஏழாம் எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாக எழுதி, இயக்குநரும் கையெழுத்துப் போட்டார். உறையைப் பிரித்து எது ஊசிக் கன்று என்று தெரிந்த பிறகு நான் வாயைத் திறந்திருந்தால், முடிவுக்காக எண்ணை மாற்றுகிறோம் என்று பன்னிரண்டின் கணக்கும் குப்பைக்குப் போயிருக்குமாம். ஒரு நாள் இடைவெளியில் ஆறு வருஷம் தப்பித்திருக்கிறது.

பிறகு பிரித்தார்கள். காய்ச்சலே வராத ஆறும் ஊசிக் கன்றுகள். வக்கீலும் அதில். மாப்பிள்ளை உப்புத்தண்ணீர். அவன் இல்லாமலே ஊசி ஜெயித்துவிட்டது. டாக்டரம்மா சிரித்தாள், அப்புறம் உடனே மூக்கைச் சிந்தினாள். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. ஒரு வருஷத்துக்குத் தெர்மாமீட்டரைத் தொடக்கூடாது. தீனி, தண்ணீர், சாணி மட்டும். வேலை போகவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மற்றக் கன்றுகளின் காய்ச்சலும் தணிந்துவிட்டது, ஆனால் நிஜ வைரஸ் நரம்புக்குள் போய் ஒளிந்துகொண்டு ஆயுசுக்கும் இருக்குமாம். ஆகவே ஒரு கன்றும் வெளியே போக முடியாது. இதே கொட்டகையில்தான் வளரும். ஏழாம் எண்ணைப் பற்றித் தனியாகக் கேட்டேன், அவனுக்கும் அதே ஏற்பாடா என்று. டாக்டரம்மா, "ஏன், உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. டாக்டரம்மா ஒரு பிரதியை என் கையில் கொடுத்து, படிங்க அக்கா என்றாள். முக்கால்வாசி புரியவில்லை. ஒரு வரி புரிந்தது: பரிசோதனையில் பதினொரு கன்றுகள்.

இன்று காலை பன்னிரண்டுக்குத் தீனி வைத்தேன்.