சீனியின் ஜன்னலில் ஒரு சாண் காற்று

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? உயரத்தில் வேலை செய்யும்போது இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொள்கிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

என் கடிதங்களில் பாதி விஷயம்தான் இருக்கிறது, மீதியை ஊகிக்க வேண்டியிருக்கிறது என்று போனில் குறைப்பட்டீர்கள். அதனால் இந்த முறை எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். எனக்குப் பெருமை தராத விஷயங்களையும்தான்.

முதல் செய்தி, அம்மா இப்போது எதிர்வீட்டில் குடியிருக்கிறாள். தூங்க மட்டும்தான் நம் வீட்டுக்கு வருகிறாள். நம் தெருவில் உள்ள பழைய வீடுகளைக் குளிருக்கும் வெயிலுக்கும் தாங்கும்படி மாற்ற நகரசபை முடிவு செய்திருக்கிறது. ஹீட்டரும் ஏ.சி.யும் குறைவாக ஓடினால் கரண்டும் மிச்சம், புகையும் மிச்சம். முதல் வீடாக எதிரே இருக்கும் பெரியம்மா வீட்டைத் தேர்ந்தெடுத்து, வேலையை அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த வீடு பரிசோதனையில் தேறினால் தெருவில் இன்னும் ஆறு வீடுகள் அம்மாவுக்குக் கிடைக்கலாம்.

சுவர்களின் உள்பக்கம் மரச்சட்டம் அடித்து, அதற்குள் பழைய செய்தித்தாளை அரைத்த பஞ்சைக் குழாய் வைத்து ஊதி நிரப்பினார்கள். நான் ஒரு கை அள்ளிப் பார்த்தேன். சாம்பல் நிறம். அதில் ஒரு துணுக்கில் 'நாளை' என்ற சொல் மட்டும் அரைபடாமல் தப்பியிருந்தது. அப்பா, பெரியம்மா மகள் சீனி தலைவைத்துப் படுக்கும் சுவருக்குள் எத்தனையோ வருடத்துச் செய்திகள் இருக்கின்றன. அவள் இதுவரை ஒரு நாள்கூடப் பேப்பரைத் தொட்டதில்லை. பேப்பர் படிக்கிற நான் படுத்திருக்கும் சுவருக்குள் ஈரம்தான் இருக்கிறது.

பஞ்சு நிரப்பியதும் அதன்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தடித்த தாளை விரித்து, இணைப்புகளிலெல்லாம் டேப் ஒட்டுகிறார்கள். காற்று நுழைய ஓர் ஊசித் துளைகூட இருக்கக் கூடாதாம். பெரியப்பா சும்மா இருப்பாரா? இனிமேல் மூச்சு விடுவதற்கும் மைத்துனியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டார். அம்மா டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “நாம தொறந்தா அது ஜன்னல் மாமா. காத்தே தொறந்துக்கிட்டா அது ஓட்டை.”

டேப் ஒட்டியபின் ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பளபளப்பு வரும்வரை தேய்த்தால்தான் பிடிக்கும். அம்மா வேறு இடங்களில் வேலை செய்தபோது அது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை சனிக்கிழமைகள் நான் ஸ்பூனோடு போயிருக்கிறேன். ஆனால் பெரியம்மா வீட்டில் அந்த ஸ்பூன் சீனியிடம் இருக்கிறது. அவள் அறையாம், அதனால் அவளே தேய்க்கட்டுமாம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. “உன் கையில நல்ல அழுத்தம் இருக்குடி” என்று அம்மா அவளிடம் சொன்னாள். மூன்று வருடமாக என் கையைப் பற்றி அம்மா எதுவும் சொன்னதில்லை.

இனிமேல் எழுதுவது இன்னும் மோசம். எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்தை இடித்தார்கள் அல்லவா? புது மரம் வெட்ட வேண்டாமே என்று, இடித்த மரங்களிலிருந்து நல்லவற்றை அம்மா எடுத்து வந்தாள். அதில் நூலகத்தின் கதவும் இருந்தது. நான் தினமும் சாப்பாட்டு இடைவேளையில் சாய்ந்து நின்று காத்திருந்த கதவு. கைப்பிடிக்குக் கீழே நிலாத்துண்டு போல ஒரு கீறல் இருக்கும். அந்தக் கதவை அறுத்து, இழைத்து, சீனியின் ஜன்னலுக்குச் சட்டமும் அடியில் உட்காருவதற்கு ஒரு பெட்டியும் அம்மா செய்திருக்கிறாள். பெட்டியின் மூடியைத் தூக்கினால் புத்தகம் வைக்கலாம். ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. நிலாக்கீறல் மூடியின் நடுவில் இருக்கிறது. சீனி அதன்மேல் தன் ஹேர்பேண்டுகளை வைத்திருக்கிறாள்.

நம் வீட்டு முன் ஜன்னலின் இடுக்கில் நீங்கள் போகும்போது சொருகிவிட்டுப் போன துணி இன்னும் அப்படியே இருக்கிறது. நமக்கும் ஒரு ஜன்னல் செய்யேன் என்று அம்மாவிடம் கேட்டேன். நம் வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்றாள்.

நீங்கள் கண்ணாடி மாட்டுகிற அந்த முப்பது மாடிக் கட்டடத்தில் குடும்பங்கள் குடிவருமா? அதில் என் வயதுப் பெண் யாராவது இருப்பாளா? இருந்தால் அவளைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
புத்தகப்புழு

*

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உள்ளது உள்ளபடி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். இதைப் படித்து முடித்ததும் உங்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும்.

அந்தக் கடிதத்தை எழுதியதற்கு முந்தைய நாள் நான் சீனியின் அறைக்குப் போனேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். உள்ளே, சட்டமும் சுவரும் சேருகிற இடத்தில் டேப் பளபளவென்று இருந்தது. சீனி தேய்த்த பளபளப்பு. அதை ஒரு சாண் நீளத்துக்கு நகத்தால் உரித்தேன். நோட்டிலிருந்து கிழித்துக்கொண்டு போயிருந்த ஒரு தாளை மடித்து உள்ளே சொருகினேன். பிறகு டேப்பை மறுபடி அழுத்திவிட்டேன். உரித்த டேப் திரும்பப் பிடிக்காது என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடித்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

தாளில் எழுதியிருந்தது இதுதான்: 'இந்த ஜன்னலைச் செய்தது என் அம்மா. சீனியின் அம்மா இல்லை. இந்தக் கதவை முதலில் அறிந்தவள் நான்.' கீழே என் பெயரையும் வகுப்பையும் எழுதியிருந்தேன். என்றைக்காவது ஒருநாள் யாராவது அந்த வீட்டை இடிக்கும்போது உண்மை தெரியட்டும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது.

அன்று காற்றை அளக்கிறவர் வந்தார். நாங்கள் அவரை அளவுக்காரர் என்போம். ஒல்லியான மனிதர், சிரிக்கவே மாட்டார். வாசல் நிலையில் ஒரு சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தினார். எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு அதை ஓட்டினால் அது வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். ஓட்டை இருந்தால் அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். எவ்வளவு வருகிறது என்று ஒரு சின்னப் பெட்டியில் எண் தெரியும். மூன்றோ அதற்குக் கீழோ இருந்தால் தேறியது.

விசிறி ஓடியது. மூன்று புள்ளி ஒன்று.

அளவுக்காரர் எண்ணைக் குறித்துக்கொண்டார். பெரியப்பா கேலிகூடச் செய்யவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அப்போது மாடியிலிருந்து சீனி கத்தினாள்: “சித்தி, என் ரூம்ல சுவரு விசிலடிக்குது.”

உண்மைதான். நான் சொருகிய தாள் காற்றில் துடித்து, பீப்பி ஊதுவதுபோல ஒலித்துக்கொண்டிருந்தது. அம்மா புறங்கையை ஈரப்படுத்திக்கொண்டு படியேறினாள். கசிவைத் தேட அவள் அப்படித்தான் செய்வாள். ஈரக்கையில் சின்னக் காற்று பட்டாலும் சில்லென்று தெரியும். நேராக ஜன்னல் பெட்டியிடம் போய், மூடியைத் தூக்கி, தாளை இழுத்தாள். விசில் நின்றது. பிரித்துப் படித்தாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அதை மடித்துப் பென்சில் வைக்கிற பைக்குள் போட்டுக்கொண்டு, அளவுக்காரரிடம் சொன்னாள்: “இந்த எடத்துல நான்தான் சரியா ஒட்டல. என் தப்பு.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். 'ஒட்டியவரின் கவனக்குறைவு.' வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொன்னார். பெரியம்மா விடவில்லை. ஊருக்கெல்லாம் ஓட்டை அடைக்கிறவள் கூடப்பிறந்தவள் வீட்டில் மட்டும் ஓட்டை விடுவாளா என்று, காபி ஆறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா அந்தக் காபியைக் குடித்தாள். நான் படிக்கட்டில் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கை கால் கழுவிக்கொண்டு வந்து தாளை மேசையில் வைத்தாள். என் கையெழுத்து முன்பைவிடத் தெளிவாகியிருக்கிறது என்றாள். பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னாள்: “ஆறு வீடு வந்துச்சுன்னா ஜன்னல் வேலை மட்டும் ரெண்டு வருஷத்துக்கு இருக்கும். எனக்கு ஜன்னல் மாட்ட ஆள் வேணும். உங்கப்பாவ வரச் சொல்லி எழுதலாம்னு இருந்தேன்.”

அப்பா, இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாளா? என்னிடம் அதுவரை சொல்லவில்லை. நான் சீனியின் ஜன்னலைத்தான் உரித்தேன் என்று நினைத்தேன். உங்களை உரித்திருக்கிறேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் நகரசபைக் கட்டடத்துக்குப் போனேன். அளவுக்காரரின் அறை மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறை முழுக்கக் காற்று. அவருடைய ஜன்னலே சரியாகச் சாத்தவில்லை. தாள்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டின்மேலும் ஒரு செங்கல் துண்டு வைத்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எழுதியதை அழிக்க விதியில்லை, ஆனால் கீழே ஒரு வரி சேர்க்கலாம் என்றார். நீயே எழுது என்று தாளை என் பக்கம் தள்ளினார். 'டேப்பைப் பிரித்தது நான். ஒட்டியவர் சரியாகவே ஒட்டியிருந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா, நான் நிறையக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். இவ்வளவு நேரம் எடுத்து எழுதியது அந்த இரண்டு வாக்கியங்கள்தான்.

திரும்பும்போது சீனியிடமும் சொன்னேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. “உங்கம்மா வேல செய்யும்போது வாய் ஓயாம உன்னப் பத்தியேதான் பேசுவாங்க. புழு இதப் படிச்சா, அத எழுதினான்னு. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வரும். அதுக்காக உன் நோட்டக் கிழிச்சேனா நான்?” என்று கேட்டாள். இனிமேல் தன் அறைக்கு வர வேண்டாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா பழைய டேப்பை நீக்கி, தூசி துடைத்து, புதிதாக ஒட்டினாள். நான் வாசலிலேயே நின்றேன். சீனி ஸ்பூனைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். மேலே போய்த் தேய்த்தேன். என் முகம் தெரியும்வரை தேய்த்தேன். அம்மா வந்து விரலால் தடவிப் பார்த்தாள். “ம்” என்றாள். சீனிக்குச் சொன்னதுபோல எதுவும் சொல்லவில்லை. எனக்கு இன்னமும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. உள்ளது உள்ளபடி என்றால் இதையும் எழுதத்தானே வேண்டும்?

இரண்டு புள்ளி ஒன்பது.

பெரியப்பா, இனிமேல் இந்த வீட்டில் ரகசியம்கூட வெளியே போகாது என்றார். பெரியம்மா அம்மாவுக்கு இரண்டாவது காபி கொடுத்தார்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். அளவுக்காரர் விசிறியை வண்டியில் ஏற்றாமல் தெருவைத் தாண்டி நம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இது கணக்கில் சேராது, சும்மா பார்ப்போம் என்றார். ஓட்டியதும் வீடே எழுந்துவிட்டது. திரைச்சீலைகள் கிடைமட்டமாகப் பறந்தன. என் நோட்டுகள் பக்கம் புரட்டித் தாமாகவே படித்துக்கொண்டன. நீங்கள் சொருகிய துணி இடுக்கிலிருந்து நழுவி நடுக்கூடத்தில் விழுந்தது. அலமாரியிலிருந்த உங்கள் கடிதங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பதினான்கு என்று பெட்டி காட்டியது. “இது வீடு இல்லம்மா, சல்லடை” என்றார் சிரிக்காதவர். அம்மா சிரித்தாள் அப்பா. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நீங்கள் போனபின் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் ஈரக்கையோடு வீடு முழுக்கச் சுற்றி இருபத்துமூன்று ஓட்டைகளை நோட்டில் குறித்தேன். மிச்சமிருந்த டேப்பையும் பஞ்சையும் வைத்து இந்த வாரம் இருபத்திரண்டை அம்மாவும் நானும் அடைத்துவிட்டோம். முன் ஜன்னலை மட்டும் அம்மா தொடவில்லை. நூலகக் கதவில் மீதமிருந்த இரண்டு பலகைகளை நம் மாடிப்படிக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கிறாள். அவை இவ்வளவு நாள் எங்கே இருந்தன என்று கேட்டால், முதலிலிருந்தே இங்கேதான் இருக்கின்றன என்கிறாள். முன் ஜன்னலுக்கு அவற்றில் சட்டம் செய்வது உங்கள் வேலையாம். தனக்கு அவ்வளவு நேர்த்தி வராதாம். சீனியின் ஜன்னலைச் செய்தவள் சொல்கிறாள் இதை.

ஆறு வீடுகளைப் பற்றி நகரசபையிலிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. வேலை செய்தவரின் மகளே டேப்பைப் பிரித்தாள் என்று நான் எழுதிய வரியால் தெரிந்துவிட்டது, அதனால் வராமல் போனாலும் போகலாம். வராவிட்டாலும், நம் வீட்டில் ஒரு ஜன்னல் இருக்கிறது அப்பா. மற்ற எல்லா இடமும் அடைத்தாகிவிட்டதால் இப்போது எல்லாக் காற்றும் அந்த ஒன்றின் வழியாகத்தான் வருகிறது. துணி போதவில்லை. அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தாளை இடது கையால் அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

வரும்போது உங்கள் அளவுகோலைக் கொண்டுவாருங்கள். ஸ்பூன் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
புழு

பி.கு.: விடியும் முன்பே எழுந்து எழுதத் தொடங்கினேன். இப்போது ஜன்னல் வழியாகவே போதுமான வெளிச்சம் வந்துவிட்டது. அம்மா வந்து, உங்களை வரச் சொன்ன கடைசிப் பத்தியை என் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டாள்.