பின்னால் ஒன்றுமில்லாத ஸ்கிரீன்

ஜூன் 12, திங்கள்
காலையிலேயே புழுக்கம். அண்ணனூரில் ரயில் இருபது நிமிஷம் லேட்.
பாடியில் ஒரு பம்ப் கம்பெனிக்கு ஸ்டோர்ஸ் கணக்கு வைக்க கம்ப்யூட்டர் புரோகிராம். எந்த வழியில் செய்வது என்று சேகர் சாரோடு சண்டை (ஆபீஸில் ரெண்டே பேர், அவர் முதலாளி). அவர்: ஒரு மாதிரி செஞ்சு காட்டு, அதையே வளர்த்து முடிச்சிடலாம். நான்: வேண்டவே வேண்டாம். வெறும் ஸ்கிரீன் வரைஞ்சு காட்டுவோம், என்ன வேணும்னு கேட்போம், அதைத் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஒழுங்கா எழுதுவோம். அடிக்கிறதைச் சேர்த்து வைக்கிற ஃபைலே பின்னாடி வேண்டாம். "சரிம்மா தாயே, உன் இஷ்டம்." ஜெயிச்சாச்சு!

ஜூன் 15, வியாழன்
மாதிரி காட்டியாச்சு. ஸ்டோர் கீப்பர் ஏகாம்பரம் அண்ணன், முப்பது வருஷ சர்வீஸ், கீபோர்டைத் தொடவே பயம். "ஷாக் கீக் அடிக்காதில்ல?" பட்டனை அழுத்தினால் 'ரெக்கார்ட் சேவ்டு' என்று வரும்படி வைத்திருந்தேன். சும்மா, பார்க்க அழகாக. பார்த்ததும் அப்படி ஒரு சிரிப்பு அவருக்கு.
மேனேஜர் அவரிடம்: "மாசக் கடைசிக்குள்ள எல்லா ஐட்டமும் ஏத்தணும். முடியலன்னா ஸ்டோர்ஸுக்கு வேற ஆள்."
பழகட்டும் என்று மாதிரி இருந்த பிளாப்பியை அங்கேயே விட்டு வந்தேன்.

ஜூன் 18, ஞாயிறு
சர்ச். பாட்டு பிராக்டிஸ் மட்டம். வாங்க: ரிப்பன், அம்மாவுக்குத் தைலம், குடைக்குக் கம்பி.

ஜூன் 26, திங்கள்
ஏகாம்பரம் அண்ணன் போன். "அம்மா, எண்ணூறு ஐட்டம் அட்ச்சிட்டேன், ஒத்த வெரல்லயே. இப்ப தேடினா ஒண்ணுமே காணோம். எங்க கீது?"
எங்கேயும் இல்லை. இனிமேலும் கிடைக்காது.
சேகர் சார்: "என் வழியில போயிருந்தா பின்னாடி ஃபைல் இருந்திருக்கும்." வாஸ்தவம். ஆனா என் வழியும் தப்பில்ல. இது வெறும் படம்னு மேனேஜரிடம் சொன்னேன், அவர் காதில் ஏறல. உட்கார்ந்து அடிக்கப்போற மனுஷனிடம் சொல்லல. அதுக்கு மேல 'சேவ்டு'ன்னு ஒரு பொய் வேற. புத்தியா இது? கர்த்தாவே, என்ன செய்வேன்.

ஜூன் 27, செவ்வாய்
மேனேஜர் ரூம். நாங்க ரெண்டு பேரும், ஏகாம்பரம் அண்ணனும்.
"பத்து நாளா என்னய்யா கிழிச்ச?"
"அட்ச்சேன் சார். சேவ்டுன்னு வந்துச்சி சார்." அண்ணன் என்னைப் பார்த்தார்.
சேகர் சார் சட்டென்று, "பழக்கமில்லாதவர், ஏதாவது தப்பா அழுத்தியிருப்பார்." மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.
நான் வாயைத் திறக்கல. ரெண்டு நிமிஷம் இருக்கும். பாவி.
அப்புறம் சொன்னேன். "என் தப்பு சார். அது சேவே பண்ணாது."
"யார் தப்போ எனக்கெதுக்கு? வேலை ஆகல. நாளைலேர்ந்து இவர் கேட்ல உட்காரட்டும்."
கெஞ்சினேன். கேட்கல.

ஜூன் 29, வியாழன்
தூறல். ரெண்டு நாளில் ஒரே ஒரு ஸ்கிரீன், நெஜமான ஃபைலோடு. மிஷினை அணைச்சு மறுபடி போட்டுப் பார்த்தேன், அடிச்சது இருந்தது. பாடிக்கு எடுத்துப் போனேன்.
கேட்டில் ஏகாம்பரம் அண்ணன். யாரோ போட்ட காக்கிச் சட்டை, தொளதொள. விசிட்டர் நோட்டில் என் பேரை எழுதினார்.
"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க."
நோட்டை என் பக்கம் திருப்பினார். "கையெழுத்து போடும்மா."
போட்டேன்.
"உள்ள புது ஆளு குந்திகினு கீறான். அவனாண்டயாச்சும் மொதல்லயே சொல்லிடும்மா."