செப்புக் கம்பி நட்ட கீரைப் பாத்தி

ஜூன் 10, செவ்.

காலையிலிருந்து மூடுபனி. துணி காயவில்லை. அங்கன்வாடியில் பாப்பாவை எடை போட்டார்கள். போன மாதம் என்னவோ அதேதான். மூன்று வயதுக்கு இது போதாதாம். ரத்தமும் கம்மி, கீரை கொடுங்க என்கிறார்கள். கொடுத்தால் துப்புகிறாள். கடைவீதிக் கீரை சேலத்திலிருந்து மலையேறி வருகிறது, என்ன மருந்து அடித்ததோ. அதற்குத்தான் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி சிறுகீரை. அதுவும் விரலளவோடு நின்றுவிட்டது.

வீடியோவில் பார்த்தபடி மூங்கில் குச்சியில் செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி நட்டேன். நுனி வானத்துக்கு, அடி மண்ணுக்குள். காற்றிலிருக்கும் மின்சாரம் வேருக்கு இறங்குமாம். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் நம்புகிற விஷயமா? ஆனாலும் நட்டேன். ஒரு பாத்திக்கு மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க.

அவர்: "ஊட்டுக்கே ஆன்டெனா வச்சுட்ட. கீரைக்கு எந்தச் சேனல் தெரியுது?"

வாங்க: உப்பு, பாப்பா சிரப்.

ஜூன் 19, வியா.

மழை. இரண்டு பாத்தியும் ஒரே உயரம். ஸ்கேல் வைத்தே பார்த்தாயிற்று. கம்பி கறுத்ததுதான் மிச்சம். பாப்பா அரை இட்லி.

பால்கார அக்காவைக் காணோம். பாப்பா ஒழுங்காகக் குடிப்பது அந்தப் பால் ஒன்றுதான். போன் போட்டேன்.

"உங்க ஊட்டுப் பின்னால கரண்டுக் கம்பி வச்சிருக்குதாமா? அந்த வழியில நான் வரமாட்டேன் கண்ணு. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதில்ல."

காட்டெருமைக்குப் பயந்து வேலியில் திருட்டுக் கரண்டு விடுகிற ஆட்கள் இருக்கிற ஊர். கம்பியைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள்? எனக்கு ஏன் தோன்றவில்லை!

ஜூன் 20, வெள்.

ஃபாரஸ்ட் வாச்சர் வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்கம்மா, எருமைக்குக் கரண்டு வச்சிருக்கீங்களாமா?"

"இல்லைங்க, கீரை வளர்றதுக்குங்க."

"கரண்டு குடுத்தா கீரை வளருமுங்களா?"

"கரண்டே இல்லைங்க. காத்துல இருந்து வரும்னு..."

கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எதோடும் சேரவில்லை. "நொம்பப் படிச்சவங்களாட்ட இருக்குது. மொதல்ல புடுங்குங்க."

பிடுங்கினேன். வேலியோரம் பக்கத்து வீட்டார் எல்லோரும்.

ஜூன் 21, சனி

பால் வந்தது. கீரை போயிற்று. இரண்டு பாத்தியும். குளம்புப் பள்ளம், மிதிபட்ட தண்டு. ராத்திரி எருமை இறங்கியிருக்கிறது.

அவர்: "கம்பி இருந்த வரைக்கும் வரல பாரு." பேசாதீங்க என்றேன்.

பாப்பா என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். நாலு காலில் நின்று, மிச்சமிருந்த தண்டை வாயாலேயே கடித்தாள். "நானு எருமை."

துப்பவில்லை.

பதறி இழுத்தேன். பிறகு தப்பியதையெல்லாம் பொறுக்கி, கழுவி, கடைந்து, சோற்றில் பிசைந்து தட்டைத் தரையில் வைத்தேன். கை படாமல் குனிந்து சாப்பிட்டாள். முழுசும். மூக்கெல்லாம் பச்சை.

"எருமைக்கு இன்னும் போடு."

பாத்தியில் ஓர் இலை இல்லை.

நாளைக்கு வாங்க: கடைவீதிக் கீரை, இரண்டு கட்டு.