ஸ்வரங்களுக்கு நடுவே வெட்டிய பேச்சைக் கேட்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
மறைந்த புல்லாங்குழல் கலைஞரின் மனைவி,
தையற்கடை மாடி, அச்சகத் தெரு.

பெறுநர்:
பதிப்புரிமை அலுவலர் அவர்கள்.

பொருள்: என் கணவரின் முழு ஒலிப்பதிவை அழிக்குமுன் கேட்க அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் திரைப்பாடல்களுக்குக் குழல் வாசித்தவர். முதலில் நாற்பது பேர் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசித்தார்கள். ஒருவர் தும்மினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்தார்கள். கடைசியாக ஒரு நிறுவனம் இவரைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, பாட்டே இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரமாகப் பகல் முழுக்க ஊதச் சொல்லிப் பதிவு செய்தது. "என்னைப் பிச்சுப் பிச்சு டப்பாவுல போட்டுக்கிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அதன்பின் அவரை யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை.

2. அவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் போன வாரம் வந்த பாட்டிலும் அவர்தான் வாசிக்கிறார். சோப்பு விளம்பரத்திலும், வங்கிக்குப் போன் செய்து காத்திருக்கும்போதும் கேட்கிறேன். முன்பல் இடைவெளியால், மூச்சை இழுக்கும்போது 'ஸ்' என்று ஒரு சத்தம் வரும். பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா? முன்பெல்லாம் இதற்காக அவரைத் திட்டினார்கள். இப்போது, நிஜ ஆள் வாசிப்பதுபோல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார்களாம்.

3. அது எப்படி என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த நிறுவனத்துக்கே நேரில் போனேன். ஒலிப்பதிவாளர் தம்பி கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். என் கணவர் மூச்சிழுத்து ஊதினார். நானும் அழுத்தினேன். எனக்கும் ஊதினார். உயிரோடு இருந்தவரை சொன்னவுடன் ஒரு வேலையும் செய்ததில்லை.

4. "நடுவுல ஏதாவது பேசியிருப்பாரே?" என்று கேட்டேன். "நிறையப் பேசினாரும்மா. அதையெல்லாம் வெட்டிட்டோம். வெட்டாத பதிவு பழைய டிஸ்க்குல இருக்கு. கட்டடத்தைக் காலி பண்றோம், மாசக் கடைசியில அழிச்சிடுவாங்க" என்றார். மேலாளரோ, அது நிறுவனத்தின் சொத்து, வெளியாருக்குத் தர முடியாது என்று கூறிவிட்டார். வெளியாள் நான்.

5. ஐயா, இசைக்கு நான் உரிமை கோரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது கொடுத்ததுதான். எத்தனையோ பாட்டுகளில் அவர் மூச்சு இருக்கிறது. ஒன்றில்கூட அவர் பேச்சு இல்லை. வாயில்தான் குழல் இருந்ததே. வீட்டிலும் பதிவு செய்து வைக்கத் தோன்றவில்லை. எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பவரை யார் பதிவு செய்வார்கள்?

ஆகவே, அந்தப் பதிவை அழிக்கவிடாமல் தடுத்து, ஸ்வரங்களை அவர்களே வைத்துக்கொண்டு, நடுவில் வெட்டியதை மட்டும் நான் கேட்கத் தருமாறு உத்தரவிட வேண்டுகிறேன். அன்றைக்கு என்னதான் பேசினார் என்று எனக்குத் தெரிய வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்டிருந்தால்கூடப் போதும்.

நாள்: இம்மாதம் 18
இடம்: மேற்கண்ட முகவரி

இப்படிக்கு,
(கையொப்பம்)
குழல்காரர் மனைவி