எலுமிச்சை ஸ்ப்ரேயும் ஸ்விங் ஜன்னலும்

மச்சான்,

இன்று காலை லேபில் எவனோ எலுமிச்சை ரூம் ஸ்ப்ரேயை அடித்துவிட்டான். ஊருக்கெல்லாம் மணக்கிற அந்தப் புட்டி எனக்கு மட்டும் நாறுகிறது. காரணம் உனக்குத் தெரியும். நீ வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் நம் முதல் ரேங்க்காரன் பையிலிருந்து அதைத்தான் எடுப்பான். கருவாடு காயப்போடுகிற வீட்டிலிருந்து வருகிறவனுக்கு அவன் வைத்திருந்த வரவேற்பு. உஸ்ஸ் என்று ஒரு சத்தம், பின் பெஞ்சில் நாலு சிரிப்பு. நீயோ கையைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்பாய். "அக்குள்ளயும் ரெண்டு அடி மச்சான். எங்கூட்ல பவுடர் தீந்துபோச்சு."

நம் ஹெச்.ஓ.டி. மட்டும் என்ன வாழ்ந்தார்? உன் பெஞ்சுப் பக்கம் வரும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வருவார், ஏதோ நெல்லிக்குப்பம் ஆலைக் கழிவைத் தாண்டுகிற மாதிரி. அன்றைக்கு பஸ் ஓல்ட் டவுன் மீன் துறைமுகத்தைத் தாண்டும்போது நீ கேட்டாய்: "கடலூர் ஓ.டி., ஹெச்.ஓ.டி., ரெண்டுல எதுடா ஜாஸ்தி நாறும்?" சிரித்துச் சிரித்து நான் ஆலப்பாக்கத்தில் இறங்கவேண்டியவன் புதுச்சத்திரத்தில் இறங்கினேன்.

அந்த ப்ராஜெக்ட் ரிவ்யூவை நினைக்கிறேன். நீ உன் நிரலைத் திறந்தாய். சாம்பல் நிற ஜன்னல், மூலையில் குட்டியாக ஒரு காப்பிக் கோப்பை, நடுவே வரிசை வரிசையாகப் பொத்தான்கள். உங்கள் குப்பத்தில் ஒரு போட்டுக்கு ஒரு பொத்தான். போட்டு கடலுக்குப் போனால் வலைபின்னும் கூடத்து லேப்டாப்பில் மீனவர் சங்கத்து மாமா தட்டுவார், சிவப்பாகும். கரைக்கு வந்தால் மறுபடி தட்டுவார், பச்சையாகும். பொழுது சாயும்போது எது சிவப்பாக இருக்கிறதோ அந்த வீட்டுக்கும் அந்த போட்டுக்கும் போன் போகும். அவ்வளவுதான். அதற்கு மேல் அழகும் இல்லை, அலங்காரமும் இல்லை.

ஹெச்.ஓ.டி. உதட்டைப் பிதுக்கினார். "ஸ்விங்கா? எவன்யா இப்ப ஜாவா ஸ்விங்ல ஜன்னல் கட்டுறான்? அது செத்துப்போன சமாச்சாரம். மொபைல் ஆப் பண்ணு."

நீ மெதுவாகத்தான் சொன்னாய். "சார், நீங்க எங்களுக்கு ஜாவா நடத்துறீங்களே அந்த நெட்பீன்ஸு, அதே ஸ்விங்ல கட்டுனதுதான் சார்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை. "அப்ப தெனமும் செத்த வீட்ல உக்காந்துதான் சார் பாடம் நடத்துறீங்க" என்றேன். இரண்டு பேரும் வெளியே போனோம்.

வராந்தாவில் நீ விரலை மடக்க ஆரம்பித்தாய். கணக்கு வாத்தியார் வட்டம் போட்டுக் காட்டுகிற ஜியோஜீப்ரா, எலக்ட்ரானிக்ஸ் லேபில் பலகைக்கு நிரல் ஏற்றுகிற பழைய ஆர்டுயினோ, நீயே உட்கார்ந்து உங்கள் குப்பத்துச் சந்துகளை உலக வரைபடத்தில் ஏற்றிய ஜோஸ்ம். எல்லாமே ஸ்விங். கோப்பைத் திறக்கும்போது வருகிற பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவாய், நெத்திலியா காரப்பொடியா என்று தூரத்திலிருந்தே மீனைச் சொல்கிற உன் அம்மா மாதிரி. அண்ணாமலை நகரில் என் அண்ணன் அறைக்கு வந்தபோதும் சும்மா இருந்தாயா? அவன் திறந்து வைத்திருந்த மென்பொருளை எட்டிப் பார்த்து, "இதுவும் நம்ம ஆளுதான்" என்றாய், சொந்தக்காரனைக் கண்ட மாதிரி.

உன் நிரலில் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. மேல் மூலையில் இருக்கிற எக்ஸை அழுத்தினால் ஜன்னல் மறையும், நிரல் நிற்காது. உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஐகானை மறுபடி தட்டினால் விட்ட இடத்திலேயே எழுந்து வரும். மூடினாலும் ஓடிக்கொண்டிருப்பதுதான் ஸ்விங்கில் இயல்பு. நிறுத்தவேண்டுமென்றால் நாம் ஒரு வரி சேர்க்கவேண்டும். புதிதாக எழுதுகிற எல்லோரும் மறக்கிற வரி. நீயும் மறந்துவிட்டாய் என்றுதான் கேலி செய்தேன்.

"மறக்கலடா. வேணும்னேதான் போடல. கூடத்துல சின்னப் பசங்க வந்து வந்து எக்ஸை அமுக்குதுங்க. ஜன்னல மூடுனா கடல்ல இருக்கிறவன் கரைக்கு வந்துடுவானா?"

"கரண்ட் போனா?"

"லேப்டாப்புல பேட்டரி இருக்கு. பைல்ல சேமிக்கிறத செமஸ்டர் முடிஞ்சதும் எழுதிடறேன்."

செமஸ்டர் முடிந்தது. நீ எழுதவில்லை. சிதம்பரம் சாலையில் அந்த டிப்பர் லாரி வந்தது. அதற்கு மேல் எழுத என் கை வராது.

ரேங்க்காரன் அன்று ராத்திரியே மெழுகுவத்திப் படத்தோடு 'மிஸ் யூ நண்பா' என்று ஸ்டேட்டஸ் வைத்தான். நண்பனாம். த்தூ. அடுத்த மாதமே லேப் கணினியில் இருந்த உன் நிரலை எடுத்து 'மேம்படுத்தினான்'. கல்லூரி அதை உங்கள் குப்பத்துக்குச் சமூக சேவையாக வழங்குவதாக முடிவாயிற்று. வலைபின்னும் கூடத்து வாசலில் பேனர். உருவாக்கம்: அவன். வழிகாட்டி: ஹெச்.ஓ.டி. அவர் உனக்குக் காட்டிய ஒரே வழி வகுப்புக்கு வெளியே போகிற வழி. அடியில், கொசு உட்கார்ந்தால் மறைந்துபோகிற எழுத்தில், 'நினைவாக' என்று உன் பெயர்.

விழா அன்று நான் போனேன். விருந்தினர் வருமுன் அவன் கூடம் முழுக்க ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தான் மச்சான். உன் ஊரில். உன் அம்மா நிற்கும்போதே. அதே எலுமிச்சை. உன் அம்மா முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அதில் மட்டும் ஒரு திருப்தி.

உன் அப்பா வரவில்லை. "அவுங்க மூஞ்சியில முழிக்கிறதுக்குக் கடலே மேல்னுட்டு விடியக்குள்ளயே போய்ட்டாரு" என்றார் அம்மா. சங்கத்து மாமா பழைய லேப்டாப்பை அணைத்துவிட்டு, அன்று கடலுக்குப் போன போட்டுகளைக் கல்லூரி தந்த புதுக் கணினியில் ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கி வைத்திருந்தார். உங்கள் போட்டு முத்துமாரியும் சிவப்பு.

ரேங்க்காரன் மைக்கைப் பிடித்தான். "முன்னாடி இதுல ஒரு தப்பு இருந்துச்சு. மூடுனாலும் நிக்காது. அதை நாங்க சரி பண்ணிட்டோம்." எக்ஸை அழுத்தினான். மறுபடி திறந்தான். சேமிக்காத சிவப்பெல்லாம் அழிந்து, ஜன்னல் முழுக்க ஒரே பச்சை, வயல் மாதிரி. கைதட்டல். ஹெச்.ஓ.டி.யும் தட்டினார்.

உன் அம்மா திரைக்கு அருகே போனார். முத்துமாரி பொத்தானைப் பார்த்தார். வாசல் வழியே கடலைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா தம்பி, அவுங்கப்பா வந்துட்டாருன்னு காட்டுது? போட்டு இன்னும் வரலியே."

"அது டெமோம்மா" என்றார் ஹெச்.ஓ.டி.

"டெமோன்னா?"

சங்கத்து மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அய்யய்யோ, எது எது போச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லியே!"

நான் போய் உட்கார்ந்தேன். பையில் உன் பென்டிரைவ் இருந்தது. செருகினேன். ரேங்க்காரன் என் தோளைப் பிடித்தான். "டேய், அது பழைய வெர்ஷன்டா!"

"ஆமா. நாறுற வெர்ஷன். தள்ளி நின்னு ஸ்ப்ரே அடிச்சிக்க."

உன் ஜன்னல் வந்தது. அதே சாம்பல், அதே காப்பிக் கோப்பை. உன் அம்மா வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். மீன்கூடையோடு நின்ற பெண்கள் எல்லோரும் உள்ளே வந்தார்கள், கூடையோடுதான். "எங்கூட்டுது போயிருக்கு, அமுக்கு." "எங்க அண்ணன் போட்டு, ரெண்டாவது வரிசை." "எங்களுது கரையில, அத தொடாத." ஒவ்வொன்றாகச் சிவந்தது. விருந்தினர்கள் கைக்குட்டையோடு வெளியே நகர்ந்தார்கள். பொன்னாடை பிரிக்கப்படாமலே திரும்பிப் போயிற்று.

பொழுது சாயுமுன் போட்டுகள் வந்தன. முத்துமாரிதான் கடைசி. உன் அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தப் பொத்தானைத் தானே அழுத்தினார். சுட்டுவிடும் என்பது போல விரலை உடனே எடுத்துக்கொண்டார்.

நீ விட்டுப்போன வேலையை நான் முடித்துவிட்டேன். இப்போது கரண்ட் போனாலும் பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். நீ வேண்டுமென்றே விட்ட அந்த ஒரு வரியை மட்டும் நானும் விட்டிருக்கிறேன். ரிவ்யூவில் ஹெச்.ஓ.டி. "ஒரு வரி விட்டுப்போச்சேய்யா" என்றார். "தெரியும் சார்" என்றேன். கைக்குட்டையைத் தேடினார்.

இன்னொன்றும் செய்தேன். குப்பத்துக் கணினியில் இல்லை, பயப்படாதே. என் லேப்டாப்பில் இருக்கிற நகலில் மட்டும். கடைசி வரிசையில் ஒரு பொத்தான் கூடுதலாக இருக்கிறது. உன் பெயர். சிவப்பு. லேபிலிருந்து கிளம்பும்போது எக்ஸை அழுத்துகிறேன், ஜன்னல் போய்விடுகிறது. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறேன். உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.