கொதிக்கும் மகிழுந்தும் குடிநீர்க் குழாயும்

மரக்காணம்,
பங்குனித் திங்கள், 1978

அன்பு மகள் பொன்னிக்கு,

உப்புக் காற்றும் உச்சி வெயிலும் தத்தம் கடமையைத் தவறாமல் செய்துவந்தாலும், நானும் உன் அம்மாவும் இங்கு நலமாகவே இருக்கிறோம். செருமானியப் பனியில் நீயும் அவ்வாறே இருப்பாய் என்னும் நம்பிக்கையோடு இம்மடலைத் தொடங்குகிறேன். உன் இருமல் நின்றதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, அந்த நாட்டு ரொட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்ற மூன்றையும் முதலில் கேட்டுவிட்டுத்தான் என் முழக்கத்தைத் தொடங்க வேண்டும் என்று உன் அம்மா பக்கத்தில் நின்று ஆணையிடுகிறாள். கேட்டுவிட்டேன். நார்த்தங்காய் ஊறுகாய் வெயிலில் காய்கிறது, அனுப்பிவைப்பாள். என் தொண்டையைப் பற்றி நீ கவலைகொள்ள வேண்டாம். அது நலம். நலமின்றிக் கிடந்தது நம் மன்றத்து மகிழுந்துதான்.

அனுமந்தையை அடுத்த உப்பளக் கூலியாட்களின் குடியிருப்புக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று நான் கிளர்ச்சி தொடங்கியதை முன்னரே எழுதியிருந்தேன். அங்குள்ள ஒரே கிணற்று நீர் உப்பாய்க் கரிக்கிறது. நாளெல்லாம் பாத்தியில் உப்பு வாரிய பெண்கள், ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக மேற்கே வெகுதொலைவு நடக்கிறார்கள். அவர்கள் நடுவே பேச இருமுறை நாள் குறித்தோம். இருமுறையும் நம் மகிழுந்து பாதி வழியில் வெண்ணிறப் புகை கக்கி, உப்பளங்களின் நடுவே ஓர் உலைப்பானை போலக் கொதித்து நின்றது. முதல்முறை கூட்டம் கலைந்தது. இரண்டாம் முறை வண்டியைத் தள்ளிக்கொண்டே குடியிருப்பை அடைந்தோம், பொழுது சாய்ந்துவிட்டது. ஓட்டுநர் சுப்ராயன் தண்ணீர் கேட்டான். பெண்கள் குடிப்பதற்கென்று சேர்த்து வைத்திருந்த நல்ல தண்ணீரை வரிசையாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். வண்டி அவ்வளவையும் குடித்தது. அப்போது அஞ்சம்மாள் என்பவள், எனக்குக் கேட்கும்படியாகவே, “குடிக்கத் தண்ணி இல்லன்னு பேச வந்தாராம்மா, அவரு வண்டியே நம்ம வூட்டுப் பானைய எல்லாம் காலி பண்ணிடுச்சு. இவரு இன்னும் நாலு தபா வந்தாருன்னா நாம ஊரையே காலி பண்ணிக்கினு போவணும்” என்றாள். இருபத்தைந்து ஆண்டு மேடை வாழ்வில் நான் தொடங்குமுன்னரே என் பேச்சை ஒருவர் முடித்துவைத்தது அன்றுதான். மூன்றாம் முறையும் தவறினால், குழாய்க்காகக் குரல்கொடுக்கும் தகுதியே எனக்கு அங்கே இராது என்பதை உணர்ந்தேன்.

ஆகவே மருத்துவம் தொடங்கிற்று. சுப்ராயன் விசிறியை ஓட்டும் பட்டையை மாற்றினான். திண்டிவனத்துப் பட்டறைக்காரர், வண்டியின் முகப்பில் இஞ்சின் நீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். தெர்மாஸ்டாட் என்ற ஒன்றைப் பிடுங்கி எறிந்தார். இறுதியில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “இஞ்சின எறக்கிப் பாத்துடணுங்க” என்றார். மன்றத் தோழர்கள் இது மாற்றாரின் சதியே என்று தீர்மானம் நிறைவேற்றினர். சுப்ராயன் முன்புறம் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டினான். பகுத்தறிவாளனாகிய நான் அதை எதிர்த்தேன். எனினும் வழக்கமான வீச்சோடு எதிர்த்தேன் என்று சொல்வதற்கில்லை. உன் அம்மாவோ, “கொதிக்கிறது வண்டியா நீங்களான்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்க” என்று கூறிவிட்டுப் பேருந்தில் போகச் சொன்னாள். பேருந்தில் வந்திறங்கும் புரட்சியை எவர் நம்புவார்?

அந்த வேளையில்தான் உன் மடல் வந்தது. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ என்ற கருவியையும், அது பூட்டிய வண்டி உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓயாமல் கொதித்ததையும் விரிவாக எழுதியிருந்தாய். அதற்கு ‘ஊதுசுழலி’ என்று பெயர் சூட்டி மேடைதோறும் முழங்கி வருகிறேன். இஞ்சினைத் திறக்குமுன் எப்போது கொதிக்கிறது, எப்போது கொதிப்பதில்லை என்று கேட்க வேண்டும் என்று நீ எழுதியிருந்ததைச் சுப்ராயனுக்குப் படித்துக்காட்டினேன். அவன் சற்றே யோசித்து, “போறப்ப கொதிக்குதுங்க. வர்றப்ப சும்மாதான் வருது. அதுக்கும் வூட்டு நெனப்பு வந்துடுது போலக்குது” என்றான். போவது பகல், வருவது இரவு. வெயிலே காரணம் என்று இருவரும் முடிவு கட்டினோம். தவறான முடிவு.

மூன்றாம் முறை புறப்பட்டோம். வழக்கம்போல் வழியெங்கும் வரவேற்பு. இந்த வட்டாரத்தில் தலைவருக்கு ஒரு மாலை என்றால் அவர் வண்டிக்கு மூன்று மாலை. கூட்டம் முடியுமுன் அவற்றைக் கழற்றுவது ஊரையே இழிவுபடுத்துவதாகும். போதாக்குறைக்கு எக்கியார்குப்பத்து மீனவத் தோழர்கள், கட்டுமரத்துப் பாய்த்துணியில் என் பெயரைப் பெரிதாக எழுதி, வண்டியின் முகத்தில் இழுத்துக் கட்டினார்கள். எப்போதும் அவர்கள் செய்யும் சிறப்பு அது. கீழே நின்று நான் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஆட்டுக்கூட்டம் ஒன்று வந்து மாலைகளை மேயத் தொடங்கிற்று. உரையின் உச்சத்தில் இருந்ததால் நான் நிறுத்தவில்லை, ஆடுகளும் நிறுத்தவில்லை. சம்பங்கியும் செவ்வந்தியும் தீர்ந்து கயிறும் அறுந்து, பாய்த்துணி என் பெயரோடு மண்ணில் விழுந்தது. மீண்டும் கட்ட நேரமின்றிப் புறப்பட்டோம். உச்சி வெயில். அதே சாலை. அதே உப்பளம். வண்டி கொதிக்கவில்லை! அனுமந்தை கண்ணுக்குத் தெரிந்தபோது சுப்ராயன் வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஐயா, இத்தினி நாளா வண்டிக்கு மூக்கப் பொத்தி வுட்டுட்டு மூச்சு வுடு, மூச்சு வுடுன்னு அடிச்சிக்கினு இருந்தோமே” என்றான். தண்ணீர் வெப்பத்தைச் சுமந்துவரும், ஆனால் எதிர்க்காற்றுத்தான் அதை வாங்கிக்கொண்டு போகும் என்று நீ எழுதியிருந்த வரியின் பொருள் எனக்கு அங்கே விளங்கிற்று. காற்றைத் தடுப்பதற்கென்றே நெய்த துணியை அல்லவா போகும்போது கட்டித் திரும்பும்போது அவிழ்த்துவந்தோம்!

அன்றைய மேடையில் இருமுறை தவறியதன் காரணத்தை மறைக்காமல் முழுதும் விளக்கினேன். கூட்டம் சிரித்தது, அஞ்சம்மாள் மட்டும் சிரிக்காமல் கூர்ந்து கேட்டாள். அதன் பயனை அடுத்த கிழமை கண்டேன். “கெணத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்குதுன்னு ரிப்போர்ட்டே வந்துடுச்சே” என்று சொல்லி எங்கள் மனுக்களைத் திருப்பியனுப்பிவந்த குடிநீர் அலுவலர் தட்சணாமூர்த்தி, என் முழக்கம் தாங்காமல் ஒருமுறை ஜீப்பில் வந்தார், இறங்காமலே பார்த்தார், திரும்பினார். திரும்புமுன் பெண்கள் மரியாதை செய்தார்கள். “எம்மாம் பெரிய ஆபீசரு, துக்குணூண்டு மாலை போட்டு அனுப்பினா ஊருக்கு அசிங்கம்” என்று அஞ்சம்மாள் சொல்ல, ஜீப்பின் முகம் தெரியாமல் மாலை சாத்தி, அதன்மேல் பாய்த்துணியும் கட்டினார்கள். நான் எதையும் தூண்டவில்லை, மகளே. அறிவியலை மட்டுமே பேசினேன்.

உப்பளத்தின் நட்டநடுவே ஜீப்பு கொதித்தது. நிழல் என்று சொல்ல உப்புக் குவியல்களின் நிழல்தான். அலுவலர் குடைகூட இல்லாமல் நின்றார். பெண்கள் குடத்தோடு ஓடினார்கள்; நானும் பின்தொடர்ந்தேன். அவருடைய ஓட்டுநர் குடத்து நீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், “சார், இது கெணத்துத் தண்ணி, ஒரே உப்பு. இத ஊத்தினா ரேடியேட்டரே பொத்துப் பூடும் சார்” என்றார். அஞ்சம்மாள் குடத்தை இடுப்பை விட்டு இறக்காமலே, “ஜீப்புக்கு ஆகாதா சாமி? எங்க புள்ளைங்களுக்கு ஆவுதே” என்றாள். அந்த அலுவலர் ஒரு வாய் நீரை வாங்கிக் குடித்தார், துப்பவில்லை, விழுங்கினார். ஜீப்பின் சூடான மூடிமேல் தாளை வைத்துக் குழாய்க்கான ஆணையை அங்கேயே எழுதிக் கையொப்பமிட்டார்.

இப்போது குழாய் பதிக்க அனுமந்தையிலிருந்து பள்ளம் வெட்டி வருகிறார்கள். கிழமைக்கு ஒருமுறை அவர் மேற்பார்வைக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் பெண்கள் மாலை சாத்துகிறார்கள், ஜீப்பு கொதிக்கிறது, அது ஆறும்வரை அவர் வெயிலில் நின்று வேலையை விரட்டுகிறார். ஊர் முழுதும் அறிந்த உண்மையை ஊர் முழுதும் காக்கிறது. ஜீப்பு நலமடைந்தால் பள்ளமும் நின்றுவிடுமோ என்பதே அஞ்சம்மாளின் அச்சம். எனக்கும் அந்த அச்சம் உண்டு. ஆனால் நேற்று அவர் என்னிடம், “உங்க பொண்ணு ஜெர்மனில இஞ்சின் டாக்டராமே, இந்த ஊரு பக்கம் வந்தா மட்டும் ஏன் கொதிக்குதுன்னு கேட்டு எழுதுறேன்” என்று உன் முகவரியை வாங்கிக்கொண்டார்.

அவருடைய மடல் உன்னை வந்தடையும். நீ பொய் எழுதக் கூடாது. என் மகள் பொய் எழுதமாட்டாள். நல்ல மருத்துவர் கேட்கும் வினாக்களை மட்டும் கேள். எண்ணெயின் நிறம் என்ன என்று ஒரு மடல். விசிறிப் பட்டை இறுக்கமா என்று ஒரு மடல். ரேடியேட்டர் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று மற்றொன்று. எல்லாம் கப்பல் அஞ்சலில் வரட்டும். முதற்குடம் குழாயில் நிறைந்ததும் நான் தந்தி கொடுக்கிறேன். காற்று என்னும் சொல்லை அதன்பின் எழுது.

எல்லா நலமும் வளமும் பெற்று நீடு வாழ்க. தலைக்கு எண்ணெய் வைக்க மறவாதே என்று உன் அம்மா மங்கம்மா மீண்டும் சொல்கிறாள். அவளுக்கு எழுதுவதை மட்டும் வான் அஞ்சலில் அனுப்பு.

உன் அன்புத் தந்தை,
மரக்காணம் அரசப்பன்