அரியலூர் கேம்ப் கோர்ட்டில் கலைவாணி

9, திங்கள்
பெரம்பலூரில் காலை எட்டுக்கே வெயில். வியாழன் அரியலூரில் லேபர் கோர்ட் கேம்ப். ஜட்ஜ் திருச்சியிலிருந்து மாதம் ஒரு நாள் வருவார், சாயங்காலம் கிளம்பிவிடுவார். கூப்பிடாத கேசுக்கெல்லாம் அடுத்த மாதம் வாய்தா.
வேலைகள்: கோட்டு இஸ்திரி. கேஸ் கட்டு. கேஸ் சிலிண்டர்.
கட்சிக்காரர் ராமசாமி, வேப்பந்தட்டை, தனியார் பஸ் டிரைவர். குடித்துவிட்டு ஓட்டினார் என்று வேலையைப் பறித்துவிட்டார்கள். அன்று கூட இருந்த கண்டக்டர் முபாரக் ஒருவர்தான் சாட்சி. சனிக்கிழமை துபாய் போகிறார். வியாழன் விட்டால் கேஸ் போச்சு.

11, புதன்
தலைவலி. கலைவாணி (இனி க. முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை) கார் வாங்கியிருக்கிறாள். வெள்ளை. நாங்கள் ஒரே சீனியர் வக்கீலிடம் ஒன்றாக ஜூனியராக இருந்தவர்கள். எனக்கு இன்னும் பஸ்தான்.
போன கேம்ப்பிலும் அவள் கேஸ்தான் முதலில். வெளியூர் சாட்சி வந்திருந்தால் பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்லிவைத்து முந்திக்கொள்ளலாம், எல்லோரும் செய்வதுதான். அவள் செய்தால் மட்டும் எனக்கு வயிறு எரிகிறது.

12, வியாழன்
சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. போனால், க. கிளார்க்கிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஆத்திரம். நான் சொல்லிவைக்க வந்ததே மறந்துவிட்டது. ஜட்ஜ் உட்கார்ந்ததும் எழுந்தேன்.
"எல்லா கேசையும் நம்பர்படியே கூப்பிட்டா நியாயமா இருக்கும்ங்க ஐயா."
சரி என்றுவிட்டார். பிறகுதான் உறைத்தது. பழைய நம்பர் அவளுடையது, முதலில் வரும். என்னுடையது கடைசி. நானே கேட்ட வரிசையை நானே மாற்றச் சொல்ல வாய் வரவில்லை. ராமசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
க. கேஸ் கூப்பிட்டார்கள். எழுந்தாள்.
"என் சாட்சி உள்ளூருங்க ஐயா, அடுத்த கேம்ப்புக்கு வந்துடுவாரு. டிரைவர் கேஸ் சாட்சி துபாய் போறாராம், வராண்டால சொல்லிட்டிருந்தாங்க. என் நேரத்துல அவரை விசாரிச்சுடலாங்க."
முபாரக் நன்றாகவே சொன்னார். குறுக்கு விசாரணையிலும் அசரவில்லை. கேள்வி கேட்டது நான். நன்றாகத்தான் கேட்டேன்.
வெளியே ராமசாமி கார் அருகே போய் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் என்னிடம், "பெரம்பலூர்தான, ஏறு" என்றாள். பஸ்ஸில் வருகிறேன் என்றேன். என்ன வீம்போ.
பஸ் ஸ்டாண்டில் ராமசாமி டீ வாங்கிக் கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.
"அடுத்த வாய்தாவுக்கும் அந்தம்மா வருவாங்கல்லங்க?"